பல்லால் கேட்டவர்

கொம்மார்ட் மாமாவின் முன்பற்கள் இரண்டும் தேய்ந்து நடுவில் பிறைபோல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். களிமண் குழாயில் புகை பிடிக்கிற எங்கள் ஊர்க்காரர் பலருக்கும் அப்படி ஆவதுண்டு. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் புகைப்பதே கிடையாது என்பது யாருடைய கவனத்துக்கும் வரவில்லை.

தந்திப்பெட்டிகளுக்குச் சுருதி கூட்டுவது அவர் தொழில். கட்டையை அழுத்தினால் உள்ளே காக்கைச் சிறகின் முள் ஒன்று எழும்பித் தந்தியைச் சுண்டுமே, அந்தப் பெட்டி. எங்கள் லெய்டன் நகரில் பெரிய வாய்க்கால் ஓரமாக இருக்கும் வீடுகளில் அது இல்லாத வீடு கிடையாது. ஈரக்காற்று அடித்தால் அதன் சுருதி இறங்கும், அடுப்பு மூட்டினால் ஏறும். ஈரத்துக்கும் அடுப்புக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மாமாவுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது.

அவருக்குக் காது கேட்காது.

இது அவர் மனைவி டன்னகே அத்தைக்கும் மகள் ஆல்ட்யாவுக்கும் எங்கள் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மரச்சுவர்தான். என் அப்பா துணி மிதிப்பவர். ஊர் முழுக்கச் சேகரித்த மூத்திரத்தைத் தொட்டியில் நிரப்பி, அதில் கம்பளித் துணியை எண்ணெய்ப் பிசுக்குப் போக நாளெல்லாம் மிதித்து மிதித்து, அவர் முழங்காலுக்குக் கீழே முடியே முளைக்காது. அப்படிப்பட்டவரின் மகன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான் என்று சந்தில் ஒரு வாரம் பேசினார்கள். பிறகு வீட்டுக்கு வீடு கூப்பிட்டு எழுத்து வேலை கொடுத்தார்கள். மாமா வீட்டில் எனக்குக் கிடைத்த வேலை பலகை எழுதுவது. யாராவது வந்தால், மாமாவுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசுவதை நான் சுருக்கமாகப் பலகையில் எழுதிக் காட்டுவேன். அவர் படித்துவிட்டுச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

மற்ற செவிடர்களைப் போல அவர் கத்திப் பேசுவதில்லை. உதடு அசைவதே தெரியாத அளவுக்கு முணுமுணுப்பார். நாங்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் போக வேண்டும். ஏன் என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன்.

"என் குரல் எனக்குள்ள முழங்குதுடா லீவா, பீப்பாய்க்குள்ள தலைய விட்டுக் கத்துற மாதிரி. ஊர்ல ஒருத்தர் குரலும் உள்ள வரல. இது மட்டும் வெளிய போகவும் மாட்டேங்குது. வீட்டோட வந்து தங்கிட்ட மாமியார் கணக்கா."

"என் அம்மாவப் பத்திப் பேசாம இருக்க முடியாதே உங்களுக்கு" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

காது போனது ஆல்ட்யா கைக்குழந்தையாக இருந்தபோது. வாய்க்கால் உறைந்து படகெல்லாம் நின்றுபோன ஒரு குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. சீழ் நின்றபோது உலகமும் நின்றுவிட்டது. சுருதி கூட்டுகிறவனுக்குக் காது போவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர் தன் பட்டறையில், ஒழுங்கில்லாத ஒரு பழைய பெட்டியின் முன்னால் பல நாள் சும்மா உட்கார்ந்திருந்தாராம். ஒருநாள் தந்தி மாற்றும்போது இரண்டு கைக்கும் வேலை இருந்ததால், முறுக்குச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். சாவியின் மறுமுனை பெட்டியின் பலகையில் பட்டது. கை தவறித் தந்தி அதிர்ந்தது.

"நெத்திப் பொட்டுல யாரோ ஜன்னலத் திறந்த மாதிரிடா" என்பார். "அப்பவே அழுதுட்டேன். அழுத சத்தம் தந்திச் சத்தத்த மறைச்சுது. அதனால நிறுத்திட்டேன்."

அன்றிலிருந்து பேரிக்காய் மரத்தில் செதுக்கிய ஒரு குச்சி அவர் சட்டைக்குள் எப்போதும் இருந்தது. ஒரு முனையைக் கடித்துக்கொண்டு மறுமுனையைப் பலகையில் ஊன்றினால் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கிறது என்று சொல்வார். நெற்றியை வைத்தும் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ எதையோ இடிப்பது போல மந்தமாகத் தட்டுமே தவிர, சுருதி தெரியாதாம். பல்தான் வழி.

வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார். "பாவாடை சரசரத்தா எனக்குச் சுருதி கலையும்" என்று எழுதிய சீட்டை அத்தை முன்னதாகவே கொண்டு போய்க் கொடுப்பாள். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு கர்வம் பிடித்தவன் நல்ல தொழில்காரனாகத்தான் இருப்பான் என்று நினைத்தார்கள்.

ஆல்ட்யா சின்னவளாக இருந்தபோது மாலையில் குச்சியின் மறுமுனையை அவள் கடித்துக்கொள்வாள். இருவரும் மூக்கோடு மூக்கு இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அவள் வாய் மூடியபடி, கோயிலில் பாடுகிற வேதாகமச் சங்கீதம் ஒன்றைப் பாடுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"பாட்டு வருது" என்பார் முடிந்ததும். "பேச்சு வரல. பீப்பாய்ல மாட்டின வண்டு மாதிரி இருக்கா என் பொண்ணு."

பன்னிரண்டு வயதானதும் அவள் வர மறுத்தாள். ஜன்னல் வழியாகப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். அவர் வற்புறுத்தவில்லை. "வண்டு பறந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைதோறும் கோபுரத்தடிக்குப் போகத் தொடங்கினார்.

எங்கள் வட்டாரக் கோயிலின் கோபுரத்தில் சந்தை நாளில் சின்னதும் பெரியதுமான மணிகளைக் கொண்டு பாட்டு வாசிப்பார்கள், மணிவரிசை என்போம். கோபுரத்தின் அடியில் ஒரு சிறிய கதவு. அதில் ஒரு இரும்பு வளையம். மேலே மணி அடித்தால் கல்லிலும் மரத்திலும் இறங்கி அந்த வளையம் வரை அதிர்ச்சி வரும். மாமா அந்த வளையத்தைக் கடித்துக்கொண்டு மணி ஓயும்வரை நிற்பார். சந்தைக் கூட்டம் மீன்கூடையோடும் வெண்ணெய்ப் பானையோடும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும் ஆணை எங்கள் ஊரில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

சபை மூப்பர் க்ரெய்ன் பார்த்துவிட்டார்.

சபையார் ஒரே பந்தியில் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் இராப்போசனத்துக்கு முந்தின வாரம் மூப்பர்கள் வீடு வீடாக வந்து, புருஷன் பெண்டாட்டி சண்டை உண்டா, குடி உண்டா, தப்புப் போதனை உண்டா என்று விசாரித்துப் போவது வழக்கம். க்ரெய்ன் பாலாடைக்கட்டி வியாபாரி. எங்கே போனாலும் அந்த வாடை அவருக்கு முன்னால் போகும். அந்தத் தடவை அவர் உட்காரவே இல்லை. நான் பலகையோடு ஓரமாக இருந்தேன். மாமாவுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதுவரை மூப்பருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"கொம்மார்ட், சனிக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தே?"

எழுதிக் காட்டினேன்.

"சந்தையில" என்றார் மாமா.

"சந்தையில இல்ல. கோயில் கதவுகிட்ட. வளையத்துக்கு முத்தம் குடுத்துட்டு. கண்ண மூடிக்கிட்டு. மண்டி போடாத குறைதான்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மூப்பரே, இவரா முத்தம் குடுக்குறவரு? கட்டின பொண்டாட்டிக்கே குடுத்து வருஷமாச்சு."

"சிரிக்கிற விஷயமில்ல டன்னகே. உன் புருஷன் குடும்பம் தெக்கேயிருந்து வந்தது. அங்க இன்னும் புனிதருங்க எலும்பையும் சிலைக் கட்டையையும் முத்தமிட்டுக்கிட்டுத்தான் கிடக்காங்க. அந்த அழுக்குப் போகாம உள்ளுக்குள்ள இருந்தா இப்பவே சொல்லிடணும். போப்பாண்டவரை நெஞ்சுல வெச்சுக்கிட்டு எங்ககூடப் பந்தியில உக்கார முடியாது."

நான் எழுதியதை மாமா இரண்டு முறை படித்தார். அவருடைய தாத்தா அந்த எலும்பையும் கட்டையையும் மறுத்ததற்காகத்தான் வீட்டையும் பட்டறையையும் விட்டுவிட்டு, தள்ளுவண்டியோடு இந்த ஊருக்கு வந்தவர். அது மூப்பருக்கும் தெரியும். மாமாவின் முகத்தில் அன்று தெரிந்தது கோபமா அவமானமா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் தொழில் போகும். சொல்லாவிட்டால் சபை தள்ளும், பெண்ணை எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள்.

"முத்தம் குடுக்கல மூப்பரே" என்றார் மெதுவாக. "கடிச்சேன்."

"என்னது?"

"கடிச்சேன். மணி கேக்குறதுக்கு."

மூப்பர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? தலையசைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சபை அறைக்கு வரச் சொன்னார்கள். போதகரும் மூப்பர்களும் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போதகர் வில் போட்டு வாசிக்கிற தந்தி வாத்தியம் பழகியவர், அதையும் கொண்டு வந்திருந்தார். மாமாவைக் கண்ணை மூடி நிற்கவைத்து, குச்சியின் மறுமுனையை வாத்தியத்தின் முதுகில் ஊன்றிக்கொண்டு சங்கீதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மாமா பல்லில் குச்சியோடு, ஒவ்வொன்றும் எத்தனையாவது சங்கீதம் என்று விரல்களால் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு கட்டத்தில் குச்சியை எடுத்துவிட்டு, "ஐயா, உங்க மூணாவது தந்தி இறங்கியிருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போதகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேவன் ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசலைத் திறக்கிறார் என்று அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே சொல்லப்போவதாகச் சொன்னார்.

நான் எழுதிக் காட்டியதும், "வேண்டாம்னு சொல்லுடா" என்றார் மாமா என்னிடம் பதறி. நான் சொன்னேன். போதகர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது மூப்பர் க்ரெய்ன் தோளில் தட்டினார். "மனசுல வெச்சுக்காதே கொம்மார்ட். ஆனா அந்தக் கதவ விட்டுடு. பாக்குற ஜனங்க விசுவாசத்துல இடறிடுவாங்க."

அப்படி மணி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தோடு மற்றதும் போயிற்று. போதகர் பெயர் சொல்லவில்லைதான். சொல்லவும் தேவையிருக்கவில்லை. சந்துப் பையன்கள் "இரும்பு தின்னி, ஆணி வேணுமா?" என்று பின்னாலேயே வந்தார்கள். கேட்காத மனிதரைக் கேலி செய்வதில் சுகமில்லை என்று புரிந்ததும் அவர் முன்னால் வந்து பல்லைக் காட்டிக் கடிப்பது போலச் செய்தார்கள். பெரிய வீடுகளிலிருந்து ஆள் வருவது நின்றது. யாரும் திட்டவில்லை. பெட்டி இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மழைக்காலம் முழுக்க லெய்டனில் ஒரு பெட்டிக்கும் சுருதி இறங்கவில்லை என்று நம்ப வேண்டியிருந்தது.

ஹெய்ல்விக் அம்மாள் ஒருத்திதான் நேரில் வந்தாள். ஜவுளி வியாபாரியின் விதவை. நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை.

"என் பெட்டியோட பலகையில ஒரு துலிப் பூ வரைஞ்சிருக்கும்" என்றாள் அத்தையிடம். "அது மேல சின்னச் சின்னதாப் பள்ளம். நான் எலின்னு நெனச்சுப் பூனை வாங்கினேன், டன்னகே! உன் புருஷன் குச்சியாம்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என் வைத்தியரை அனுப்புறேன். நீங்க எதுவும் யோசிக்க வேண்டாம். எல்லாம் என் பொறுப்பு."

வைத்தியர் ஹாசவூட் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக வந்தார். அவரைக் கேலியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் அரைமணி நேரம் பொறுமையாகச் சோதித்தார். காதுக்குள் விளக்கொளி விட்டுப் பார்த்தார், குச்சியைக் கடிக்கச் சொல்லி மேஜையைத் தட்டினார், நெற்றியில் வைத்துத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி இலத்தீனில் பேசத் தொடங்கினார். நான் எந்த வருஷம் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூத்திரத் தொட்டி வீட்டுப் பையனிடம் ஒரு பெரிய வைத்தியர் சமமாக இலத்தீனில் பேசுகிறார். அத்தை வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. பல் வழியாகக் கேட்கிறது என்றால் உள்ளே நரம்பு உயிரோடிருக்கிறது. வெளியிலிருந்து வரும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. அடைத்திருப்பது அந்தக் காய்ச்சலில் இறுகிப்போன கபம். கபத்தை இளக்கி வெளியேற்றினால் பாதை திறக்கும். தலையிலிருந்து கபத்தை இறக்குவதற்குப் பாதரசத்தைவிடச் சிறந்தது இல்லை. களிம்பாகத் தேய்த்து, சூடான அறையில் வைத்தால் வாய்வழியாக எச்சிலாக இறங்கிவிடும். சில வாரம். வாய் புண்ணாகும், சில பல் போகும். எச்சில் தெளிந்து வரும்போது காது திறக்கும்.

நான் அப்போது என் பட்டத்துக்கான வாதத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பொருள் ஒலி. ஒலி மணியில் இல்லை, மணியில் இருப்பது அசைவு மட்டும், அது காற்றை அசைத்துக் காதை அசைத்து உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓசை என்று ஆகிறது என்று நிறுவ வேண்டும். வைத்தியர் சொன்ன அடைப்பும் பாதையும் என் வாதத்தில் அப்படியே பொருந்தின. படித்தவர்கள் இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வந்தால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு, அல்லது உண்டாயிருந்தது. இருந்தாலும் ஒன்று இடித்தது. எல்லாவற்றையும் எழுதிக் காட்டிய பிறகு, பலகையில் இடம் விட்டுக் கீழே தனியாக எழுதினேன்: "பல் போனால்?"

மாமா படித்தார். என்னைப் பார்த்தார். சட்டைக் கையால் துடைத்தார்.

"காது வந்தாப் பல்லு எதுக்குடா? ரொட்டிய மோருல நனைச்சுத் தின்னுக்கிறேன்."

அத்தை என் கையிலிருந்த சுண்ணாம்புத் துண்டைப் பிடுங்கித் தானே எழுதினாள். அவள் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். "இப்ப கொஞ்சமாச்சும் கேக்குதே. இது போதாதா?"

"என்னத்தக் கேக்குறேன்?" என்றார் அவர். "பெட்டிய உள்ள விட மாட்டேங்குறாங்க. மணிகிட்டப் போகக் கூடாதுங்குறாங்க. வீட்டுல என் பொண்ணு இருக்கா. அவ பொறந்ததுலேருந்து என்ன பேசியிருக்கான்னு எனக்குத் தெரியாது. பல்லுல பாட்டு வரும்டி. பேச்சு வராது. எனக்குப் பேச்சு வேணும்."

ஆல்ட்யா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் முணுமுணுப்பதைக் கேட்க அவள் இரண்டு படி இறங்கி வந்ததைப் பார்த்தேன். பிறகு எழுந்து மேலே போய்விட்டாள்.

பட்டறையை ஒழித்து அங்கே படுக்கை போட்டார்கள். ஜன்னலில் கம்பளி அடித்தார்கள். கரி அடுப்பு நாளெல்லாம் எரிந்தது. வைத்தியரின் உதவியாள் வந்து களிம்பைக் கையிலும் தொடையிலும் தேய்த்து, தலையோடு கால் ஃபிளானல் துணி சுற்றிவிட்டுப் போவான். முதல் வாரம் ஒன்றுமில்லை. மாமா அங்கேயிருந்து, "ரொட்டியடுப்புல வெச்சுட்டீங்க, திருப்பிப் போடவாவது வாங்க" என்றார். இரண்டாம் வாரம் எச்சில் தொடங்கியது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுத்து, வாயோரம் வைத்த வெண்கலக் கிண்ணம் நிறைய நிறைய அத்தை மாற்றினாள். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மூத்திரத் தொட்டியில் வளர்ந்தவன் சொல்கிறேன், எங்கள் வீட்டுச் சுவர் வழியாக அது வந்தபோது என் அப்பாவே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

நாக்கு வீங்கிப் பேச்சு நின்றது. வைத்தியர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இறங்குகிறது என்றார்.

ஒருநாள் பிற்பகல் நான் போனபோது மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் பளபளத்தது. பலகையைக் கேட்டு வாங்கி அவரே எழுதினார்: "மணி கேட்கிறது."

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் இன்னும் எழுதினார். பெரிய மணி ஒன்று, அதன் கூடச் சின்னதாக ஒன்று. நிற்காமல் அடிக்கிறது. காதில்தான், பல்லில் இல்லை. எழுதிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முன்பல் ஒன்று இல்லை.

அன்று புதன்கிழமை. மணிவரிசை இல்லாத நாள். மணி அடிக்கிற நேரமும் இல்லை. நான் ஜன்னல் கம்பளியை விலக்கிப் பார்த்தேன், வாய்க்காலில் ஒரு கரிப்படகு போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அத்தை தரையில் உட்கார்ந்தபடி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் கம்பளியை மறுபடி இழுத்துவிட்டேன். மாமா அந்த இல்லாத மணிக்குத் தலையாட்டிக்கொண்டே தூங்கிப்போனார்.

வைத்தியர் அதை நல்ல அறிகுறி என்றார். பாதை திறக்கத் தொடங்குகிறதாம். இன்னும் கொஞ்சம் களிம்பு.

மணி நிற்கவில்லை. சில நாளில் அது மணியாக இல்லாமல் ஒரே நீள இரைச்சலாக மாறியது என்று எழுதினார். பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை. ரொட்டியில் ஒன்று, தலையணையில் ஒன்று, அத்தையின் கையில் ஒன்று. அவள் அவற்றை எறியாமல் சிறகுமுள் போட்டு வைக்கிற பெட்டியில் போட்டு வைத்தாள். எதற்கு என்று ஆல்ட்யா கேட்டதற்கு, "தெரியலடி" என்றாள்.

எச்சில் தெளிந்தது. காது திறக்கவில்லை. சில உடம்புகளில் கபம் எலும்போடு எலும்பாக இறுகியிருக்கும், அதற்கு மேல் மனிதனால் ஆவதில்லை என்று வைத்தியர் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் வருத்தம் பொய்யில்லை. ஹெய்ல்விக் அம்மாள் வெள்ளை ரொட்டியும் கோழிச்சாறும் கொடுத்தனுப்பினாள்.

இதற்கு நடுவில்தான் என் பட்டமளிப்பு நடந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை புரியாமல் முழுவதும் அழுதார். நான் ஒலியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். எதிர்வாதம் செய்தவர், கேட்க ஆளில்லாத காட்டில் இடி இடித்தால் அங்கே ஓசை உண்டா இல்லையா என்று கேட்டார். அசைவு உண்டு, ஓசை இல்லை என்றேன். நன்று என்றார்கள். அந்தப் பதிலை எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இன்னும் அது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பட்டம் வாங்கி வந்த மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். வாய்ப்புண் ஆறி எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், தாடை மூக்கை எட்டிப் பார்த்தது. பேச்சு மட்டும் இன்னும் தொடங்கவில்லை. பலகையில் எழுதியே காலம் தள்ளினார். மேஜையில் காக்கைச் சிறகுகளைப் பரப்பி முள்முள்ளாகச் சீவிக்கொண்டிருந்தார். வேறு யாரோ சுருதி கூட்டுகிற பெட்டிகளுக்கு அந்த முட்கள் போகும். கண் இருக்கிறது, கை இருக்கிறது, அதைச் செய்யலாம் என்று அத்தைதான் பிடித்துக் கொடுத்த வேலை.

ஆல்ட்யா அந்தப் பேரிக்காய்க் குச்சியை எடுத்து வந்தாள். யாரும் சொல்லவில்லை. அவர் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒரு முனையைத் தன் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை அவர் வாயருகே நீட்டினாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. வெளியே பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் குச்சியை ஈறுக்கு நடுவில் வாங்கிக்கொண்டார். வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. அவள் பாடினாள். மூக்கோடு மூக்கு இடிக்க, முன்பு பாடின அதே சங்கீதம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். குச்சியை ஈறில் இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஈறிலிருந்து ரத்தம் குச்சியில் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தினாள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கூடக் கேட்டிருக்கும். கடைசியில் அவர் அவள் தாடையைத் தொட்டு, போதும் என்று தலையசைத்தார். குச்சியைத் துடைத்து மேஜையில் வைத்தார். சிறகுகளை மறுபடி எடுத்தார்.

அத்தை மோர்க்கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். நாங்கள் மூவரும் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தோம்.

"டன்னகே! உப்பு!"

அத்தை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள். ஆல்ட்யா காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு அடி தூரத்தில் இருக்கிறவளை வாய்க்காலுக்கு அக்கரையில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டிருந்தார். தெருவில் பையன்களின் சத்தம் நின்றது. காது போன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து முணுமுணுப்பைத் தவிர நாங்கள் எதையும் கேட்டதில்லை.

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஏதோ தப்பு என்று புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. கையைத் தொண்டையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். எங்கள் எல்லார் குரலும் போன பிறகும் அவரோடு வீட்டில் தங்கியிருந்த அந்த ஒரு குரல், பீப்பாய்க்குள் முழங்கிக்கொண்டிருந்த அவருடைய சொந்தக் குரல், அதுவும் இல்லை. மருந்து கடைசியாக அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"நான் இப்ப பேசுறேனா?" என்று கத்தினார்.

அத்தைதான் பலகையை எடுத்தாள். அவசரத்தில் அவளுடைய கோழிக்கிறுக்கல் இன்னும் மோசமாக இருந்தது. "ஆமா" என்று எழுதி அவர் முன்னால் பிடித்தாள்.

அவர் படித்தார். சட்டைக் கையால் துடைத்துவிட்டு, இன்னும் உரக்க மறுபடியும் அதையே கேட்டார்.